பாதிக் கொழுக்கட்டை

"அந்தக் கொழுக்கட்டை சீன், 'கண்ணீர்க் கோட்டை' படத்துலேர்ந்து எடுத்ததுதான அண்ணாச்சி?"

கருணாகரன் இதைக் கேட்டு முடித்தபோது, வெள்ளைச்சாமியின் கையிலிருந்த வாழைக்காய் பஜ்ஜி வாய்க்குப் போகிற வழியில் அப்படியே நின்றுவிட்டது.

அது வெள்ளைச்சாமியின் அடையாறு வீட்டு ஹால். கருணாகரனின் மனைவி தங்கம் கணவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு 'வீட்டுக்கு வாங்க, வச்சுக்கிறேன்' என்று பொருள். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு நன்றாகப் பழக்கமான பார்வை அது.

வந்த காரியமெல்லாம் நல்லபடியாக முடிந்திருந்தது. மகள் அனுப்ரியாவுக்கும் வெள்ளைச்சாமியின் மகன் சக்திவேலுக்கும் நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறித்தாயிற்று. மண்டபம் மேற்கு மாம்பலம் என்று முடிவாயிற்று. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, காப்பி வந்துகொண்டிருந்தது. அதைக் குடித்துவிட்டு எழுந்து வருவதுதான் பாக்கி. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பது கருணாகரன் ஜாதகத்திலேயே கிடையாது.

தி.நகரில் பெரிய ஜவுளிக் கடையொன்றில் பட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். ஒரு சேலை பிடித்துப்போனால் உடனே அதைப் புரட்டி உள்பக்கம் நெசவைப் பார்ப்பார். நகைச்சுவைக் காட்சிகளிடமும் அவருக்கு அதே பழக்கம். எதைப் பார்த்துச் சிரித்தாலும் அது எந்தப் படத்திலிருந்து கிளம்பியது என்று தேடிப் பிடிக்காவிட்டால் தூக்கம் வராது. தேடிப் பிடித்துத் தனக்குள் வைத்துக்கொண்டால் பரவாயில்லை. நாலு பேர் சிரித்து முடிப்பதற்குள், "இது எங்கேயிருந்து வந்தது தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். சிரித்தவர்களுக்கு, சிரித்ததே தப்போ என்று ஆகிவிடும்.

இங்கே எதிரில் உட்கார்ந்திருந்ததோ 'கோர்ட்டில் ஒரு கொழுக்கட்டை'யை எழுதி, அதில் நீதிபதியாக நடித்த வெள்ளைச்சாமியேதான். கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக் காலத்தில் வந்த பத்து நிமிடப் பகடி அது. அழுகைப் படங்களையெல்லாம் ஒரே கல்லில் அடித்தது. மகனைத் தொலைத்த ஒரு தாய் கோர்ட்டுக்குள் ஓடி வருவாள். மடியிலிருந்து எதையோ எடுத்து நீதிபதியின் மேசையில் தொப்பென்று வைப்பாள். "பாதி இங்கே இருக்கிறது. மீதிப் பாதி எங்கே, நீதிபதி அவர்களே?" என்பாள். நீதிபதி குனிந்து பார்த்து, "ஐயோ, இதில் என் பல் பட்ட தழும்பு இருக்கிறதே" என்று அலறுவார். மேசையில் இருப்பது, இருபது வருஷமாக மடியிலேயே வைத்திருந்த பாதிக் கொழுக்கட்டை.

ஐம்பது வயது தாண்டிய சென்னைவாசி யாரிடமாவது இன்றைக்கும் "பாதி இங்கே" என்று சொன்னால் "மீதி எங்கே" என்று பதில் வரும். கருணாகரனும் தங்கமும் புதுசாகக் கல்யாணமாகி வந்தபோது, பக்கத்து வீட்டு டிவியில் அதைப் பார்த்துவிட்டு, வழியெல்லாம் சிரித்துக்கொண்டே தங்கள் ஒற்றை அறை வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். அந்த மனிதரே சம்பந்தியாக வரப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்து கருணாகரனுக்குக் கால் தரையில் பாவவில்லை. மரியாதை பண்ணுவதாக நினைத்துத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

வெள்ளைச்சாமி பஜ்ஜியைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

"நான் எந்தப் படத்தையும் பாத்து எழுதினவன் இல்ல," என்றார்.

"சேச்சே, நான் அப்படிச் சொல்வேனா? நேத்துத்தான் யூடியூபுல அந்தப் படம் கண்ணுல பட்டுச்சு. ஒரு வாரங்கூட ஓடாத படமாம். பிரிண்டே இல்லன்னு நெனச்சிருந்தாங்க. யாரோ புண்ணியவான் தேடிப் பிடிச்சு இப்பத்தான் ஏத்தியிருக்காரு. பாத்தா, அதுல வசனம் அச்சு அசல்..."

"என்னங்க, நேரமாச்சு," என்றாள் தங்கம்.

பதற்றத்தில் எழுந்த கருணாகரனின் முழங்கை, பக்கத்து முக்காலியில் பிளாஸ்டிக் பூச்செண்டு செருகி வைத்திருந்த பழைய ஒலிபெருக்கிக் குழாய் ஒன்றில் இடித்தது. அது கீழே உருண்டு, வீடே அதிர ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வெள்ளைச்சாமியின் காலடியில் நின்றது.

சம்பந்தியம்மா ஸ்வர்ணலதா ஓடி வந்து எடுத்தாள். "ஒண்ணும் ஆகலண்ணே. சின்ன வயசுல ஊர்ல இவுக சவுண்டு சர்வீஸ் வச்சிருந்தாகள்ல, அப்பக் கல்யாண வீட்டுல கட்டினது. இதை மட்டும் யாரையும் தொட விடமாட்டாக."

யாரும் தொடக்கூடாத அந்தக் குழாயின் வாயில் ஒரு நெளிசல் விழுந்திருந்தது. வெள்ளைச்சாமி அதைத் தடவிப் பார்த்தார்.

ஆட்டோவில் தங்கம் சைதாப்பேட்டை தாண்டுகிற வரை பேசவில்லை. அதற்கப்புறம் மாம்பலம் வரை வேறு யாரையும் பேசவிடவில்லை.

"ஒரு மனுசன் ஆயுசுல ஒரே ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்காரு. அதைப் போயி திருட்டுன்னு சொல்லிட்டு வர்றீங்க."

"திருட்டுன்னு நான் சொல்லவே இல்லையே."

"பின்ன எடுத்ததுன்னா என்ன அர்த்தம்? நம்ம கடையில சேலையை எடுத்தாங்கன்னா நீங்க கைதட்டுவீங்களா?"

கருணாகரன் ஆட்டோ மீட்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலையில் அவரே போன் செய்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலாவது ஒரு தடவையோடு கெட்டுப் போய்விடும். கருணாகரன் மறுபடியும் கத்துவதற்கு வாகாக உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, நேத்து நான் சொன்னதைத் தப்பா எடுத்துக்காதீங்க. காப்பின்னு நான் நெனைக்கவே இல்ல. வசனம் மட்டுந்தான் ஒண்ணு. பல் பட்ட தழும்பு வரைக்கும் ஒரு எழுத்து மாறல. ஆனா மத்ததெல்லாம் உங்க சரக்கு."

எதிர்முனையில் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. அதைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு அவர் மேலே போனார்.

"அந்த ஜட்ஜு கிணிகிணின்னு மணியடிச்சுக்கிட்டே சைக்கிள்ல மேசையைச் சுத்தி வருவாரே, அது இந்தப் படத்துல இல்ல. அது வேற ஏதோ படமாத்தான் இருக்கணும். தேடிக்கிட்டு இருக்கேன், கண்டுபிடிச்சுருவேன்."

"இப்ப ரெண்டு படமா?" என்றார் வெள்ளைச்சாமி. போன் வைக்கப்பட்டது.

அன்று சாயங்காலம் அனுப்ரியா வேலையிலிருந்து வந்து, பையைக்கூடக் கழற்றாமல் அப்பாவின் முன்னால் உட்கார்ந்தாள். சத்தம் போடுகிற பெண் இல்லை அவள். அதனால்தான் அவருக்குப் பயமாக இருந்தது.

"சக்தி போன் பண்ணினாரு. அவங்கப்பா சரியாச் சாப்பிடலையாம். அந்தக் குழாயை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காராம். அப்பா, எனக்கு சக்தியை ரொம்பப் பிடிக்கும். இது உங்களால நின்னுச்சுன்னா நான் சண்டையெல்லாம் போட மாட்டேன். ஆனா உங்ககூட உக்காந்து இனிமே எந்தப் படமும் பாக்க மாட்டேன்."

விவரம் தெரிந்த நாளிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்த்து, "இது எங்கேயிருந்து வந்ததுப்பா?" என்று விடாமல் கேட்ட ஒரே ஜீவன் அவள்தான். உலகத்தில் வேறு யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை. அவராகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று ராத்திரி முழுக்க யோசித்துக் கருணாகரன் ஒரு முடிவுக்கு வந்தார். எடுத்தது என்று சொன்னதால்தானே கோபம்? எடுக்கவே இல்லை என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது.

வெள்ளைச்சாமி காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்பார். கருணாகரன் முதல் ரயிலைப் பிடித்து, அப்புறம் பஸ்ஸைப் பிடித்து, அங்கே போய்த் தற்செயலாகப் பார்த்த மாதிரி எதிரில் வந்தார். மாம்பலத்துக்காரர் அந்நேரத்தில் அங்கே தற்செயலாக வர வழியே இல்லை என்பதை இருவருமே பெருந்தன்மையாக விட்டுவிட்டார்கள்.

"அண்ணாச்சி, படத்தை மறுபடியும் போட்டுப் பாத்தேன். நான் சொன்னது சுத்தத் தப்பு. உங்க கோர்ட்டுக்கும் அந்தக் கோர்ட்டுக்கும் சம்பந்தமே இல்ல. அதுல கொழுக்கட்டையே கிடையாது."

வெள்ளைச்சாமி நடையை நிறுத்தினார். "கிடையாதா?"

"சத்தியமாக் கிடையாது."

"அப்ப மேசையில என்னத்தை வைப்பா அந்தப் பொம்பளை?"

நக்கலாகக் கேட்கிறார் என்று கருணாகரனுக்குப் பட்டது. நக்கல் வந்துவிட்டால் கோபம் பாதி இறங்கிவிட்டது என்று அர்த்தம். உற்சாகமாகச் சொன்னார்: "தாயத்து, அண்ணாச்சி. உடைஞ்சு போன வெள்ளித் தாயத்து. கைக்குழந்தையா இருந்தப்போ அந்த மகன் கடிச்சிருப்பானாம். அழுது வடியுற சமாச்சாரம். உங்க கொழுக்கட்டை எங்க, அது எங்க? படத்தைக் கிண்டல் பண்ணின மாதிரியே இல்ல."

"தாயத்தா," என்றார் வெள்ளைச்சாமி. முகம் சுண்டிப்போயிருந்தது. கடல் பக்கம் திரும்பினார். "படத்தைக் கிண்டல் பண்ணின மாதிரியே இல்லன்னா, இத்தன வருசமா ஊரு சிரிச்சது எதைப் பாத்து?"

கருணாகரன் வாயைத் திறந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. வரவேண்டிய சமயம் பார்த்து அது கைவிட்டது. வெள்ளைச்சாமி நடந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

மத்தியானம் ஸ்வர்ணலதாவிடமிருந்து தங்கத்துக்குப் போன் வந்தது. "மதினி, தப்பா நெனைக்காதீங்க. இவுக நிச்சயத்துக்கு வரலங்காக. நீங்களே சக்தியோட தாய்மாமனை வச்சு நடத்திக்கோங்கன்னு சொல்லுதாக."

மாப்பிள்ளையின் அப்பா உயிரோடு, உடம்புக்கு ஒன்றுமில்லாமல், ஏழெட்டுக் கிலோமீட்டர் தூரத்தில் இருந்துகொண்டு நிச்சயதார்த்தத்துக்கு வராவிட்டால் ஊர் என்ன பேசும் என்பது சம்பந்திகள் நான்கு பேருக்கும் தெரியும். தங்கம் போனைக் கணவரிடம் நீட்டினாள். கருணாகரன் அதை வாங்கி உடனே சொன்னார்:

"தங்கச்சி, என் பொண்ணு மேல சத்தியம். மண்டபத்துல சினிமாவைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். அண்ணாச்சியை மட்டும் கூட்டிட்டு வந்துருங்க."

அந்தச் சத்தியம் வேலை செய்தது. வெள்ளைச்சாமி வருவதாக மறுநாள் சேதி வந்தது. அதோடு விட்டிருக்கலாம்.

ஆனால் வருகிற மனிதர் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தால் என்ன பிரயோஜனம் என்று கருணாகரனுக்குத் தோன்றியது. கொழுக்கட்டை நாடகத்தில் சேலை கட்டிக்கொண்டு தாயாக நடித்த ஷரஃபுதீன் மயிலாப்பூரில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறார் என்று சக்திவேல் சொல்லியிருந்தான். அவரைத் தேடிப் போனார்.

கடை முழுக்கச் சாமி படங்கள், தலைவர்கள், கல்யாண ஜோடிகள். நடுவில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்த ஷரஃபுதீன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"இன்னா சார் நீங்க, தேடிப் புடிச்சு அதே எடத்துல கை வெச்சிருக்கீங்க. அவன்கிட்ட வேற இன்னா வேணா பேசுங்க. அந்தப் படத்தப் பத்தி மட்டும் பேசாதீங்க."

"ஏன் பாய்?"

"வேணாம்னா வேணாம். சிநேகிதன் விசயம், என் வாயால வராது." கண்ணாடியை ஒருதரம் ஊதிவிட்டு நிமிர்ந்தார். "அவன சமாதானம் பண்ணணுமா? எங்க கொழுக்கட்டை நாடகத்தத் தெரைல போடுங்க. சபை சிரிக்கிறதக் கேட்டா அவன் எல்லாத்தையும் மறந்துடுவான். அவ்ளோதான், வேற ஒண்ணும் பண்ணாதீங்க. நானும் வூட்ல ஜமீலாவும் வந்து முன்வரிசையில குந்திக்கிறோம்."

அருமையான யோசனை. இதை அப்படியே செய்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் கருணாகரன் அதைக் கொஞ்சம் மெருகேற்றினார். நாடகத்தை மட்டும் போட்டால் அதன் அருமை எப்படித் தெரியும்? முதலில் படத்திலிருந்து அந்தத் தாயத்துக் காட்சியைப் போட வேண்டும். சபை நெளியும். உடனே கொழுக்கட்டையைப் போட வேண்டும். சபை உருண்டு புரளும். ஒரு மேதை எதை எடுத்து என்னவாக ஆக்கியிருக்கிறார் என்பது குழந்தைக்கும் புரியும். பேச மாட்டேன் என்றுதானே சத்தியம் செய்தார்? காட்ட மாட்டேன் என்று சொல்லவில்லையே.

இதை அவர் தங்கத்திடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்பது அவருக்கே தெரிந்திருந்தது. வீடியோக்காரர் மதிவாணனிடம் மட்டும் சொல்லி, தான் தலையை ஆட்டியதும் போடும்படி ஏற்பாடு செய்தார்.

நிச்சயதார்த்தத்தன்று வெள்ளைச்சாமி பட்டு வேட்டியில், இஸ்திரி போட்ட முகத்தோடு வந்தார். கருணாகரன் கைகூப்பினார். அவரும் கூப்பினார். இருவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு வெயிலையே இன்னும் கொஞ்சம் பேசினார்கள். ஷரஃபுதீன் முன்வரிசையில் மனைவி ஜமீலாவோடு உட்கார்ந்து, கொடுத்த மிக்சரில் முந்திரியைத் தேடிக்கொண்டிருந்தார். அனுப்ரியா மாம்பழ நிறப் பட்டில் மேடைக்கு வந்தபோது, தன் பிரிவிலிருந்து தானே எடுத்துக் கொடுத்த சேலை என்பதையும் மறந்து கருணாகரன் பார்த்துக்கொண்டே நின்றார். இந்தப் பெண் சந்தோஷமாக இருக்க வேண்டும், அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று தோன்றியது. தலையை ஆட்டினார்.

அப்போது இரு வீட்டாரும் தட்டை ஏந்திக்கொண்டு மேடையில் எதிரெதிரே நின்றிருந்தார்கள். தட்டு மாற்றிய பிறகு போடுவதாகத்தான் ஏற்பாடு. பாசத்தில் தலை முன்னாலேயே ஆடிவிட்டது. மதிவாணனுக்குத் தலையாட்டல்தான் கணக்கு.

மண்டபம் இருண்டது. திரையில் கறுப்பு வெள்ளையில் ஒரு கோர்ட் தெரிந்தது. எங்கோ கோயிலில் பூஜை மணி கிணிகிணி என்று அடிக்க, தலைவிரி கோலமாக ஒரு தாய் உள்ளே ஓடி வந்தாள்.

வெள்ளைச்சாமி திரையைப் பார்த்தார். கையில் தேங்காய், பழம், பட்டோடு இருந்த தட்டு ஒருதரம் ஆடியது.

"நீங்க பேசமாட்டேன்னு சத்தியம் பண்ணினீங்க," என்றாள் தங்கம் பின்னாலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு.

"பேசலையே," என்றார் கருணாகரன். அந்தச் சமாதானம் அவருக்கே கேவலமாக இருந்தது.

திரையில் தாய் மடியை அவிழ்த்தாள். எதையோ எடுத்து மேசையில் தொப்பென்று வைத்தாள். உடைந்த வெள்ளித் தாயத்து. "பாதி இங்கே இருக்கிறது. மீதிப் பாதி எங்கே, நீதிபதி அவர்களே?" சபையில் யாரும் நெளியவில்லை. சிரிக்கவும் இல்லை. எல்லோரும் வெள்ளைச்சாமியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, நல்ல நேரம் முடியப் போகுது. தட்டை மாத்துங்க," என்றார் தாய்மாமன்.

வெள்ளைச்சாமி தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். வேண்டாம் என்கிற மாதிரி இருந்தது.

சக்திவேல் அவன் அப்பாவைப் பார்த்தான். அனுப்ரியா தன் அப்பாவைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மதிவாணன், நிறுத்துங்க, நிறுத்துங்க," என்று கருணாகரன் தன் தட்டைத் தங்கத்தின் கையில் திணித்துவிட்டு மேடையிலிருந்து இறங்கி ஓடினார்.

"எவனாவது அதை நிறுத்தினா, இந்தத் தட்டு இப்படியே அடையாறுக்குப் போயிரும்," என்றார் வெள்ளைச்சாமி. குரல் உடைந்திருந்தது. கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லாமல் தட்டோடு நின்றார்.

கருணாகரன் பாதி வழியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். இனி ஒன்றுமில்லை. மகளின் கல்யாணத்தைத் தன் வாயால் பாதியும் வாய் திறக்காமல் மீதியும் கெடுத்த தகப்பன் இந்த ஊரில் வேறு யாரும் இருக்க முடியாது. முன்வரிசையில் இருந்த ஷரஃபுதீனின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "பாய், அவர்கிட்ட நீங்களாவது சொல்லுங்க, நான் அவமானப்படுத்தணும்னு பண்ணலை," என்றார்.

ஷரஃபுதீன் மிக்சர் பொட்டலத்தைக் கீழே வைத்தார். திரையில் அந்த நீதிபதி தாயின் காலில் விழுந்துகொண்டிருந்தார். மேடையில் இந்த நீதிபதி வாய் பிளந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, எழுந்திரு சார். அவன் கோவத்துல அழுவல. கல்யாண வூட்ல கொழா கட்டி இந்தப் படத்தோட கதை வசன ரெக்கார்டப் போட்டுக் காதால கேட்டதோட சரி, அதுல இன்னா நடக்குதுன்னு இன்னிக்குத்தான் மொத தபா கண்ணால பாக்குறான்."